சொல்ல வைப்பதும் தேர்ந்தெடுக்க வைப்பதும்

கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷல், ஷுட், வில், வுட். ஆங்கிலத்தின் மோடல் வினைகள் என்று இலக்கண நூல்கள் முதல் வரிசையில் வைப்பவை இந்த ஒன்பதுதான். பள்ளியில் வரும், கல்லூரி முதலாண்டில் மறுபடி வரும், வேலைக்குப் போன பிறகு சேரும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பிலும் ஒருமுறை வரும். இத்தனை முறை வந்தும் நம்மில் பலருக்கு அவை கைவராமலே நிற்கின்றன. 'ஐ கேன் ஏபிள் டு டூ' என்று எழுதும் பட்டதாரியை எந்த அலுவலகத்திலும் பார்க்கலாம்.

இதற்கு இன்று ஆசிரியர் பயிற்சிகளில் தவறாமல் எழுதித் தரப்படும் மருந்துச்சீட்டு, ஊடாட்டச் செயல்பாடு. விதியை ஒப்பிக்க வைக்காதீர்கள், மாணவர்களை எழுப்பி நடமாட விடுங்கள், இருவர் இருவராகப் பேச விடுங்கள், விளையாட்டின் போக்கில் மோடல் தானே நாவில் ஏறும் என்கிறார்கள். இந்த எண்ணத்துக்கு வலுவான நூல் பின்புலம் உண்டு. மாரியோ ரின்வொலூக்ரியின் 'கிராமர் கேம்ஸ்' 1984இல் வந்தது, பென்னி அரின் 'கிராமர் பிராக்டிஸ் ஆக்டிவிட்டீஸ்' 1988இல். தமிழ்நாட்டிலும் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பிறகு மாநிலம் முழுவதற்கும் பரவி, 'செய்து கற்பது' என்ற சொல்லாட்சியை எல்லா ஆசிரியர்களின் வாயிலும் ஏற்றிவிட்டது. எதிர்ப்புறத்தில் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூலின் மரபு நிற்கிறது: விதி, எடுத்துக்காட்டு, கோடிட்ட இடம்.

இந்த இரண்டில் எது உயர்ந்தது என்று பொதுவாகக் கேட்டால் பட்டிமன்றம்தான் மிஞ்சும். கேள்வியைக் குறுக்கிக்கொள்வோம். மோடல் வினை என்ற இந்த ஒரு பாடத்துக்கு, வகுப்பறைகளில் வழக்கமாக நடக்கும் செயல்பாடுகள் எதைச் சாதிக்கின்றன, எதைச் சாதிப்பதுபோலக் காட்டுகின்றன?

கற்க வேண்டியது எது?

மோடலின் வடிவம் எளிது. படர்க்கை ஒருமையில் எஸ் ஒட்டாது, பின்னால் டு வராது, கேள்விக்கு டூ வேண்டாம், மோடலே முன்னால் போய் நிற்கும். இரண்டு பாடவேளையில் முடியும் சங்கதி. நெருக்கடி பொருளில் இருக்கிறது. மொழியியலாளர் எஃப். ஆர். பால்மர் பொருளை மூன்று குடும்பங்களாகப் பிரித்தார். ஒருவரின் திறனையும் விருப்பத்தையும் சொல்வது ஒன்று. அனுமதியையும் கடமையையும் சொல்வது இன்னொன்று. பேசுபவர் தான் சொல்வதை எவ்வளவு நம்புகிறார் என்று காட்டுவது மூன்றாவது. தலைவலி என்னவென்றால், ஒரே சொல் பல குடும்பங்களில் வேலை பார்க்கிறது. 'யூ மஸ்ட் பி கேர்ஃபுல்' என்றால் கட்டளை, 'யூ மஸ்ட் பி டயர்ட்' என்றால் ஊகம். கடமைக்கான மஸ்ட்டை மறுத்தால் மஸ்ட் நாட் என்பது தடையாகிவிடும். ஊகத்துக்கான மஸ்ட்டுக்கோ வழக்கமான எதிர்நிலை கான்ட்.

ஆகவே மோடலைக் கற்பது என்பது ஒன்பது சொற்களைச் சொல்லப் பழகுவதோடு முடிவதில்லை. இலக்கணப்படி இரண்டு மூன்று சொற்கள் பொருந்தும் ஒரே இடத்தில், சூழலையும் ஆளையும் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே அந்தக் கற்றலின் சாரம். அந்தத் தேர்வை ஒரு செயல்பாடு மாணவரிடம் கோருகிறதா என்பதே என் முதல் அளவுகோல். தவறாகத் தேர்ந்தால் அது தவறென்று செயல்பாட்டுக்குள்ளேயே தெரியவருகிறதா என்பது இரண்டாவது. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், நாற்பது நிமிடத்துக்குள் நடத்த முடியுமா என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் கொண்டு, நம் வகுப்பறைகளில் அதிகம் நடமாடும் ஐந்து செயல்பாடுகளை எடைபோடலாம்.

'யாரால் முடியும்' விளையாட்டு

மாணவர் கையில் ஒரு பட்டியல். நீந்தத் தெரிந்தவர், சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர், சமைக்கத் தெரிந்தவர் என்று ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்துப் பெயர் எழுத வேண்டும். 'கேன் யூ ஸ்விம்?' என்ற கேள்வி வகுப்பு முழுக்க ஒலிக்கும். கலகலப்புக்கு முழு மதிப்பெண் தரலாம்.

கற்றலுக்கு? ஒரே வாக்கியம் முப்பது முறை. பதிலுக்கு 'எஸ்' போதும். கேனைத் தவிர வேறு சொல்லுக்கு இடமே இல்லாததால் தேர்வு என்பதே கிடையாது. எழுந்து நின்று செய்த டிரில் இது. ஆனாலும் ஒரு பயன் உண்டு, அதை அநேகமாக யாரும் பயன்படுத்திக்கொள்வதில்லை. கற்றுத் தேர்ந்த திறனை நாம் 'தெரியும்' என்கிறோம்: நீந்தத் தெரியும், தையல் தெரியும். அதனால்தான் 'ஐ நோ ஸ்விம்மிங்', 'ஐ நோ டு டிரைவ்' என்ற ஆங்கிலம் நம் வாயில் வருகிறது. 'தெரியும்', 'முடியும்' இரண்டுக்கும் கேன் பொது என்பதைக் காட்ட இந்த விளையாட்டு நல்ல இடம். கேள்வியில் மோடல் முன்னால் போவதைப் பழக்கவும் உதவும், ஏனெனில் தமிழில் கேள்விக்கு ஈற்றில் ஓர் ஆகாரம் போதும். ஆறாம் வகுப்பில் ஒருமுறை நடத்தலாம். ஒன்பதாம் வகுப்பிலும் இதையே நடத்தினால் அது பொழுதுபோக்கு.

வகுப்பு விதிகள்

குழுவாக உட்கார்ந்து வகுப்புக்கான விதிகளைச் சார்ட்டில் எழுதுவது. 'வீ மஸ்ட் கம் ஆன் டைம்', 'வீ மஸ்ட் நாட் ஷவுட்'. ஸ்கெட்ச் பேனாவால் அலங்கரித்துச் சுவரில் ஒட்டுவார்கள். ஆய்வாளர் வந்தால் காட்டலாம்.

கடமைக்கான மோடலில் உண்மையான சிக்கல் மறுப்பில் இருக்கிறது. 'செய்யக் கூடாது' என்பதற்கு மஸ்ட் நாட், 'செய்ய வேண்டியதில்லை' என்பதற்கு டோன்ட் ஹேவ் டு அல்லது நீட் நாட். விதிச் சார்ட்டில் முதல் வகை மட்டுமே வரும். எதைச் செய்யத் தேவையில்லை என்று யாரும் விதி எழுதுவதில்லையே! மாணவர் தடுமாறும் இடத்தையே தன் இயல்பால் இந்தச் செயல்பாடு ஒதுக்கிவிடுகிறது.

இதைச் சரிசெய்வது கடினமில்லை. முதன்முறையாக ரயிலில் போகும் பாட்டிக்கு வழி சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஆன்லைனில் எடுத்த டிக்கெட். அடையாள அட்டை கையில் இருந்தாக வேண்டும். பட்டாசோ கேஸ் சிலிண்டரோ கொண்டுபோகக் கூடாது. டிக்கெட்டைப் பிரிண்ட் எடுக்க வேண்டியதில்லை. இப்போது கடமை, தடை, தேவையின்மை என்ற மூன்று கட்டங்களும் நிரம்புகின்றன. ஒரு மாணவர் 'யூ மஸ்ட் நாட் பிரிண்ட் தி டிக்கெட்' என்றால், 'ஏன், பிரிண்ட் எடுத்தா ஃபைன் போடுவாங்களா?' என்று பக்கத்து பெஞ்சே கேட்கும். பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது. இதே வேறுபாட்டைத் தமிழ் இரண்டு தனிச் சொற்களால் பிரித்து வைத்திருப்பதால், ஆசிரியர் 'கூடாது', 'வேண்டியதில்லை' என்ற இரண்டையும் பலகையில் எழுதினாலே பாதி வேலை முடிந்தது. பழைய வடிவில் இந்தச் செயல்பாட்டுக்குத் தேர்ச்சி இல்லை. திருத்திய வடிவில் நல்ல மதிப்பெண்.

ஆலோசனைக் கடிதம்

'எனக்குப் பரீட்சை பயம்', 'இரவில் தூக்கம் வரவில்லை' என்று ஒரு கடிதம். மாணவர்கள் பதில் எழுத வேண்டும். எல்லாப் பதில்களும் 'யூ ஷுட்' என்றே தொடங்கும், ஏனென்றால் பாடத்தின் தலைப்பே ஷுட். இதில் நீண்ட நேரம் நிற்க வேண்டியதில்லை. வாக்கியம் எழுதும் பயிற்சியாக மோசமில்லை, மோடல் பயிற்சியாகச் சோடை. ஒரே பிரச்சினைக்கு டாக்டர் ஒரு பதில், நண்பர் ஒரு பதில், பள்ளி அலுவலகம் ஒரு பதில் என்று எழுத வைத்தால் மட்டும் மஸ்ட், ஷுட், குட் ஆகியவற்றுக்கு இடையில் போட்டி வரும். அலுவலகம் மஸ்ட் போடும், நண்பர் குட் போடுவார்.

துப்பறியும் வகுப்பு

இதைச் சற்று நெருங்கிப் பார்க்கத் தகும். ஆசிரியர் பலகையில் ஒரு வீட்டை வரைகிறார். கதவில் பூட்டு. வாசலில் மூன்று நாள் செய்தித்தாள் பிரிக்காமல் கிடக்கிறது. பால் பாக்கெட் இல்லை. மொட்டை மாடிக் கொடியில் துணி தொங்குகிறது. வீட்டுக்காரர்கள் எங்கே?

வெளியூர் போயிருக்க வேண்டும் என்பவர் 'தே மஸ்ட் ஹேவ் கான் அவுட்' என்கிறார். என்ன ஆதாரம் என்று கேட்டால் செய்தித்தாளைக் காட்டுகிறார். பாலை நிறுத்தியிருக்கிறார்கள், ஆகவே திட்டமிட்ட பயணம் என்கிறார் இன்னொருவர். துணியை ஏன் விட்டுப் போனார்கள்? அவசரமாகக் கிளம்பியிருக்கலாம், 'தே மைட் ஹேவ் லெஃப்ட் இன் எ ஹரி'. இப்போது ஆசிரியர் ஒரு புதிய தடயத்தைச் சேர்க்கிறார்: துணி ஈரமாக இருக்கிறது, மழையும் இல்லை. சற்றுமுன் மஸ்ட் போட்டவர் அதை மைட் ஆக்க வேண்டும். வீட்டில் யாரும் இருக்க முடியாது, 'தேர் கான்ட் பி எனிபடி' என்றவர் அதைத் திரும்பப் பெற வேண்டும். மோடல் இங்கே ஆதாரத்தின் அளவுமானியாகிவிடுகிறது. ஆதாரம் மாறினால் சொல் மாறுகிறது. தேர்வு கட்டாயம், பிழையும் வெளிப்படை.

தமிழ் மாணவர்களுக்கு இதில் ஒரு பிறப்புரிமையும் உண்டு. போயிருக்கணும், போயிருக்கலாம், போயிருக்க முடியாது, போயிருப்பாங்க என்று ஊகத்தின் படிகளை அவர்கள் வீட்டில் நாள்தோறும் பேசுகிறார்கள். 'இந்நேரம் பஸ் ஏறியிருப்பான்' என்று எதிர்காலத்தைப் போட்டு இன்றைய ஊகத்தைச் சொல்கிற அம்மாவின் இலக்கணமும் 'ஹி வில் ஹேவ் காட் தி பஸ் பை நவ்' என்ற ஆங்கிலத்தின் இலக்கணமும் அருகருகே நிற்பவை. வெறுமனே விதியாகச் சொன்னால் பயமுறுத்தும் 'வில் ஹேவ்', அம்மாவின் வாக்கியத்தை வைத்துச் சொன்னால் பயமுறுத்தாது.

குறை இல்லாமல் இல்லை. மாணவர் 'மேபி தே வென்ட் டு வில்லேஜ்' என்று சொல்லித் தப்பிவிடலாம். கருத்து முழுதாகச் சேர்ந்துவிட்டது, மோடல் மட்டும் வரவில்லை. இந்தத் தப்பும் வழியைத்தான் லொஷ்கி, பிளே-விரோமன் என்ற இரு ஆய்வாளர்கள் 1993இல் கூர்மையாக அலசினார்கள். ஒரு செயல்பாட்டில் ஓர் இலக்கண வடிவம் இயல்பாக வரக்கூடும், பயனுள்ளதாக இருக்கக்கூடும், அல்லது அது இல்லாமல் வேலையே முடியாது என்ற நிலை இருக்கக்கூடும். மூன்றாவது நிலையே சிறந்தது. ஆனால் மாணவரைப் பேச வைக்கும் செயல்பாடுகளில் அதை எட்டுவது கடினம், புரிந்துகொள்ள வைக்கும் செயல்பாடுகளில் சுலபம் என்றார்கள் அவர்கள்.

அந்த வழியில் அதே வீட்டை மாற்றிப் பார்க்கலாம். சாவி காணாமல் போனதைப் பற்றி மூன்று பேர் வாக்குமூலம் தருகிறார்கள். 'டிரைவர் டுக் தி கீ' என்கிறார் ஒருவர். 'டிரைவர் மஸ்ட் ஹேவ் டேக்கன் தி கீ' என்கிறார் அடுத்தவர். 'டிரைவர் மைட் ஹேவ் டேக்கன் தி கீ' என்கிறார் மூன்றாமவர். கண்ணால் பார்த்ததாகச் சொல்பவர் யார்? வாய்ப்பாட்டில் 'மஸ்ட் என்றால் நிச்சயம்' என்று மனப்பாடம் செய்தவர்கள் இரண்டாம் ஆளைக் காட்டுவார்கள். சரியான விடை முதல் ஆள். பார்த்தவருக்கு மோடல் தேவையில்லை. மஸ்ட் போட்ட கணமே அது ஊகம் என்று ஒப்புக்கொண்டதாகிறது. 'அவன்தான் எடுத்தான்' என்பதற்கும் 'அவன்தான் எடுத்திருக்கணும்' என்பதற்கும் உள்ள தூரம் அது. இங்கே மோடலைப் படிக்காமல் விடை சொல்ல வழியில்லை. 'மேபி' போட்டுத் தப்பவும் முடியாது. நான் எடைபோடும் ஐந்தில் இதற்குத்தான் முதலிடம்.

வேண்டுகோள் நாடகம்

இருவர் நடிக்க வேண்டும். ஒருவர் கடைக்காரர் அல்லது வங்கி அலுவலர், மற்றவர் எதையோ கேட்பவர். 'குட் யூ ப்ளீஸ்', 'மே ஐ' என்று பேச வேண்டும்.

இதன் நோக்கம் மிக உயர்ந்தது. நம் மொழியில் மரியாதையைச் சுமக்கும் இடங்கள் பல: நீ, நீங்க என்ற வேறுபாடு, வினையின் ஈற்றில் வரும் 'ங்க', நடுவில் ஒரு 'கொஞ்சம்'. ஆங்கிலத்தில் யூ ஒன்றுதான். அதனால் மரியாதையின் பெரும்பங்கு மோடலின் தலையில் விழுகிறது. 'சார், நாளைக்குள்ள அனுப்பணுங்க' என்று நாம் பணிவாகச் சொல்வது 'சர், யூ ஷுட் சென்ட் இட் பை டுமாரோ' என்று ஆங்கிலத்துக்குப் போகும்போது அந்த 'ங்க' வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. போய்ச் சேருவது கண்டிப்பு மட்டும். அலுவலக மின்னஞ்சல்களில் மனக்கசப்புக்கு இது ஒரு நிரந்தரக் காரணம்.

ஆனால் நடைமுறையில் இந்த நாடகம் ஏமாற்றுகிறது. எதிரே நிற்கும் மேனேஜர் உண்மையில் பக்கத்து பெஞ்சு நண்பன். எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் 'குட் யூ ப்ளீஸ்' போட்டால் பிழையே வராது, தேர்வும் நடக்காது. பேனா கேட்பதற்கும் ஆயிரம் ரூபாய் கடன் கேட்பதற்கும் ஒரே வாக்கியம். இதை மீட்க ஒரு வழி உண்டு. கேட்கப்படுபவர் கையில் ரகசியச் சீட்டு இருக்க வேண்டும். நீ இவருக்கு நெருங்கிய நண்பன், இவ்வளவு பணிவாகக் கேட்டால் 'என்ன கோபம்?' என்று கேள். அல்லது, நீ தலைமையாசிரியர், 'கேன் யூ' என்று தொடங்கினால் மறுத்துவிடு. அப்போது பணிவு குறைந்தாலும் நட்டம், கூடினாலும் நட்டம். இந்தச் சீட்டு இல்லாத நாடகத்துக்கு நடிப்புக்கான கைதட்டல் மட்டும்.

ஆய்வுகள் யார் பக்கம்?

2000இல் நோரிஸ், ஒர்டேகா இருவரும் 1980க்கும் 1998க்கும் இடையில் வெளியான இரண்டாம் மொழி கற்பித்தல் ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். விதியை வெளிப்படையாக விளக்கும் கற்பித்தல், விளக்காமல் பழக விடும் கற்பித்தலைவிடக் கூடுதல் பலன் தந்தது. 2010இல் ஸ்படா, டொமிட்டா செய்த தொகுப்பும், எளிய வடிவங்களானாலும் சிக்கலான வடிவங்களானாலும் விளக்கமே முந்துகிறது என்றது. 'விளையாடினால் தானே வந்துவிடும்' என்ற கட்சிக்கு இது பெரிய அடி.

ஆனால் மறுகட்சி உடனே கொடி ஏற்ற வேண்டாம். இவை மோடலை மட்டும் ஆராய்ந்தவை அல்ல. தாங்கள் தொகுத்த ஆய்வுகளில் பல, இலக்கண அறிவை நேரடியாகச் சோதிக்கும் தேர்வுகளையே நம்பியிருந்தன என்று நோரிஸும் ஒர்டேகாவுமே எச்சரித்திருக்கிறார்கள். விதி கேட்கும் தேர்வில் விதி படித்தவர் வெல்வதில் அதிசயம் ஒன்றுமில்லை.

இந்த விவாதத்தின் முக்கியமான சாட்சி நம் ஊர்ப்பக்கத்தில்தான் இருக்கிறது. 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில், சென்னையையும் சேர்த்து, என். எஸ். பிரபு நடத்திய சோதனை உலக அளவில் 'பெங்களூர் புராஜெக்ட்' என்று அறியப்படுகிறது. இலக்கணப் பாடத்திட்டத்தையே அவர் ஒதுக்கி வைத்தார். ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து மாணவர்களைக் கணக்குப்போட்டு முடிவெடுக்க வைத்தார். 1985இல் பெரெட்டா, டேவிஸ் இருவரும் செய்த மதிப்பீடு, இலக்கண அமைப்புத் தேர்வில் பழைய முறை வகுப்புகள் முந்தியதையும், இரு தரப்புக்கும் பொதுவான தேர்வுகள் சிலவற்றில் பிரபுவின் வகுப்புகள் முந்தியதையும் காட்டியது. எச்சரிக்கையோடு ஆதரவு என்பதே தீர்ப்பு.

அந்தத் திட்டத்தின் ஓர் அம்சத்தை இன்றைய செயல்பாட்டு ஆர்வலர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். பிரபு குழு வேலையை விரும்பவில்லை. அரைகுறை ஆங்கிலம் பேசும் மாணவர்கள் தங்களுக்குள் பேசிப் பேசி அந்த அரைகுறையையே உறுதிப்படுத்திக்கொள்வார்கள் என்று அவர் கருதினார். ஆசிரியர் முழு வகுப்போடும் கேள்வி பதிலாகப் பேசி ஒரு புதிரை அவிழ்ப்பார், அதே போன்ற இன்னொரு புதிரை மாணவர் தனியாகச் செய்வார். தகவல் இடைவெளி, கருத்து இடைவெளி, தர்க்க இடைவெளி என்ற மூன்று வகைச் செயல்பாடுகளில் அவர் முதன்மை கொடுத்தது தர்க்கத்துக்கு. மேலே சொன்ன துப்பறியும் வகுப்பு அந்த வகையைச் சேர்ந்தது. நாற்பது பேர் வகுப்பில் பெஞ்சை நகர்த்தாமலே அதை நடத்தலாம் என்பது, மேசை நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொல்லும் பயிற்சிக் கையேடுகளுக்கு நல்ல பதில்.

மூன்று ஆட்சேபங்கள்

முதல் ஆட்சேபம்: மாணவர்கள் குழுவில் தமிழில்தான் பேசுகிறார்கள். பேசட்டும். செய்தித்தாள், பால், துணி பற்றிய தர்க்கம் தமிழில் நடப்பதால் எதுவும் கெடாது. முடிவு வாக்கியம் ஆங்கிலத்தில் வந்தால் போதும். கெடுவது வேறு இடத்தில். மே என்றால் 'லாம்' என்று சொல்லுக்குச் சொல் ஒட்டவைக்கும்போது கெடுகிறது. 'நீ போகலாம்' என்பது அனுமதி, 'வா, போகலாம்' என்பது அழைப்பு, 'மழை வரலாம்' என்பது ஊகம். முதலுக்கும் மூன்றுக்கும் மே வரும், இரண்டாவதற்கு வராது. தமிழ் வேண்டும், ஆனால் வாக்கியமாக வேண்டும்.

இரண்டாவது: பரீட்சையில் கேட்பது கோடிட்ட இடம்தானே? உண்மை. ஆனால் அந்தக் கேள்விகளின் லட்சணத்தையும் பார்க்க வேண்டும். 'யூ ___ ஒபே யுவர் பேரன்ட்ஸ்' என்று ஒரு வினா. விடைக்குறிப்பில் மஸ்ட். ஷுட் ஏன் கூடாது? சொல்பவர் யார், யாரிடம், எப்போது என்ற எதுவும் இல்லாத வாக்கியத்தில் இரண்டும் சரியே. 'யாரால் முடியும்' விளையாட்டில் நான் கண்ட குறை இதிலும் அப்படியே இருக்கிறது. அங்கே ஒரே சொல் என்பதால் தேர்வு இல்லை, இங்கே சூழல் இல்லை என்பதால் தேர்வுக்குக் காரணம் இல்லை. மரபு முறைக்காரர்கள் விளையாட்டைப் பார்த்துச் சிரிக்கத் தகுதி இழக்கும் இடம் இது. வினாவுக்கு மேலே இரண்டு வரிச் சூழல் கொடுத்தால் பரீட்சையும் உருப்படும், வகுப்பும் உருப்படும்.

மூன்றாவது: நேரம் இல்லை. இதற்குப் பதில், வேண்டாததை விடுவதுதான். தன்மைக்கு ஷல், மற்றவற்றுக்கு வில் என்ற விதியை ஜான் வாலிஸ் 1653இல் எழுதினார். அதை இன்னும் பாடவேளை பாடவேளையாக நடத்துகிறோம். 1961ஆம் ஆண்டின் எழுத்துகளையும் 1990களின் தொடக்கத்து எழுத்துகளையும் ஒப்பிட்ட ஜெஃப்ரி லீச், மோடல்களின் பயன்பாடே மொத்தத்தில் சுமார் பத்து சதவீதம் குறைந்ததையும், ஷல், மஸ்ட், மே ஆகியவை கடுமையாகச் சரிந்ததையும் கண்டார். அவற்றின் இடத்தில் ஹேவ் டு போன்றவை பரவியிருக்கின்றன. சட்டம் படிக்கப் போகிறவருக்கு ஷல் வேண்டும், நம் அரசமைப்புச் சட்டத்தின் ஆங்கில வாசகம் முழுக்க அது நிறைந்திருக்கிறது. மற்றவர்களுக்கு 'ஷல் ஐ?', 'ஷல் வீ?' என்ற இரண்டு கேள்விகள் போதும். மிச்சமாகும் நேரத்தை மஸ்ட் நாட்டுக்கும் டோன்ட் ஹேவ் டுவுக்கும் கொடுக்கலாம்.

தீர்ப்பு

விளக்கத்துக்கு மாற்றாக விளையாட்டு என்ற கோரிக்கை நிராகரிக்கப்பட வேண்டியது. ஒரே சொல்லுக்கு இரண்டு மூன்று பொருள், மறுப்பில் திசைமாறும் பொருள், ஆளைப் பொறுத்து ஏறி இறங்கும் பணிவு ஆகியவற்றை மாணவர் விளையாட்டிலிருந்து தாமே கண்டெடுப்பார் என்று எதிர்பார்ப்பது, வாரத்துக்குச் சில மணி நேரமே ஆங்கிலம் கேட்கும் பிள்ளைகளிடம் அதிகம் கேட்பதாகும். தமிழ் வாக்கியங்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு பத்து நிமிடம் நேராக விளக்குவது ஆசிரியரின் கடமை.

வடிவத்தைப் பழக்குவதற்கான கருவியாக விளையாட்டு செல்லும், ஆனால் செலவு அதிகம். 'கேன் ஏபிள் டு' போன்ற பிழையைத் திருத்த, முழு வகுப்பும் சேர்ந்து சொல்லும் பழைய வாய்மொழிப் பயிற்சி கால்வாசி நேரத்தில் அதே வேலையைச் செய்கிறது.

தேர்வைப் பழக்கும் களம் என்ற மூன்றாவது பாத்திரத்தில் ஊடாட்டத்துக்கு நிகர் வேறில்லை. மஸ்ட்டிலிருந்து மைட்டுக்கு ஏன் இறங்க வேண்டும் என்பதை எந்த வாய்ப்பாடும் ஈரத்துணி அளவுக்கு உணர்த்தாது. ஐந்து செயல்பாடுகளில் துப்பறியும் வகுப்பும் அதன் வாக்குமூல வடிவமும் அப்படியே ஏற்கத் தக்கவை. விதிச் சார்ட்டும், ஆலோசனைக் கடிதமும், வேண்டுகோள் நாடகமும் திருத்தத்துக்குப் பின் ஏற்கத் தக்கவை. 'யாரால் முடியும்' கீழ் வகுப்புகளோடு நிற்கட்டும்.

ஒரு செயல்பாட்டை வகுப்புக்குள் கொண்டுபோகும் முன் ஆசிரியர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மாணவர் இந்த இடத்தில் வேறொரு மோடலைப் போட்டால் என்ன மாறும்? ஊகத்தின் அளவு மாறும், தடை சலுகையாக மாறும், கேட்டது கிடைக்காமல் போகும் என்று ஏதேனும் பதில் இருந்தால் தாராளமாக நடத்தலாம். ஒன்றும் மாறாது என்றால், எவ்வளவு கலகலப்பாக இருந்தாலும் அதை விட்டுவிட்டுச் சாக்பீஸை எடுப்பதே நேர்மை.